ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே

வெள்ளி, கிளிநொச்சி

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகும் தனியார் பஸ்ஸில் பாட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சாவகச்சேரி வரை பக்திப் பாட்டு. பிறகு எண்பதுகளின் படப் பாட்டு. ஆனையிறவில் வெயில் ஏறியதும் கானா. பரந்தனை நெருங்கும்போது நடத்துனர் தன்னுடைய போனை ஸ்பீக்கரில் செருகினார், அப்போதுதான் புதுசு ஒன்று வந்தது. நம்முடைய பெடியன்கள் நம்முடைய பேச்சிலேயே பாடிய ராப். பின்சீற்றில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது முழுக்கப் பாடம். வரிக்கு வரி கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த வேகத்தில் பாதிதான் பிடிபட்டது. பிடிபட்ட பாதி மிகவும் நன்றாக இருந்தது.

தம்பியின் மகள், என் மருமகள், கிளிநொச்சியில் படிக்கிறாள். யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அறிவியல்நகரில்தான் இருக்கிறது, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கேதான். பரீட்சை முடிந்து லீவு. "மாமி, வாங்கோ, நான் வன்னியைச் சுத்திக் காட்டுறன். சாப்பாட்டுச் செலவு உங்கட" என்றாள். உடனே பையைக் கட்டினேன்.

ஏ9 வீதியால் போகிறவர்களுக்காகச் சமைக்கும் கடைகளை எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்புக்குப் போகும்போதும் வரும்போதும் எல்லாரும் இறங்கும் அதே கடைகள். வன்னியில் இருக்கிறவர்கள் தங்களுக்கென்று என்ன சமைக்கிறார்கள், எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள், என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தமுறை வந்தேன். இரவில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதிப் போடுகிறேன்.

பின்னேரம் இரணைமடுவுக்குப் போனோம். வடக்கிலேயே பெரிய குளம் அது. கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. சோளகக் காற்று அணைக்கட்டில் நிற்க விடவில்லை. கீழே சிறுபோக வயல் பச்சையாக இருந்தது. கிளிநொச்சிச் சனத்துக்குப் பின்னேரம் போய்வர இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன். குடும்பமாக வருகிறார்கள், பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், காசு செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் நாங்கள் செலவழித்தோம். குளத்து மீன் வாங்கினோம். இங்கே ஜப்பான் மீன் என்பார்கள், திலாப்பியா. கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தார் குளத்து மீன் என்றால் சேற்று மணம் என்று ஒதுக்குவார்கள். மருமகள் இருக்கும் வீட்டு அம்மா அதைச் சமைத்த விதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நான் இனி நம்பமாட்டேன். மீனைத் துண்டாக்கி, உப்பும் பழப்புளியும் போட்டு நன்றாக உரஞ்சி, தண்ணீர் தெளியும்வரை கழுவினார். மஞ்சளும் தூளும் பூசிப் பாதி பொரியலாகப் பொரித்தெடுத்தார். அப்புறம் வெந்தயம், உள்ளி, சின்ன வெங்காயம் தாளித்துத் தடிப்பான புளிக்குழம்பு வைத்து, அது நன்றாக வற்றி வரும்போதுதான் மீனைப் போட்டார். தேங்காய்ப்பாலே விடவில்லை. "பால் விட்டால் மணம் கிளம்பும், பிள்ளை" என்றார். சோறு மொட்டைக்கறுப்பன். அந்தச் சிவப்புச் சோற்றுக்கு இந்தக் குழம்புதான் சரி. வெள்ளைச் சம்பாவில் இதை ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் முன்னுக்கு நிற்கும்.

சனி, கிளிநொச்சியிலிருந்து மாங்குளம்

மத்தியானம் நகரத்தில் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்துக்கு மருமகள் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் விளக்கு. மெனுவில் கொத்து மட்டுமே ஒரு பக்கம். சீஸ் கொத்து கேட்டோம். வந்தது கொத்து இல்லை, சீஸ் சோஸில் ஊறிய ரொட்டி. கொத்துக்கு உயிர் அதில் விடும் கறிக்குழம்புதான். கோழிக்குழம்பின் உறைப்பும் கறிவேப்பிலையும் முட்டையும் ரொட்டியில் பிடிக்க வேண்டும். சீஸ் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பெடியன்கள் பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டிப் படம் எடுக்கிறார்கள், அதற்கு இப்படி ஓர் இடம் ஊருக்குத் தேவைதான். வெய்யிலில் திரிந்த பிள்ளைகள் குளிரில் இருந்து கதைக்க ஓரிடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோசம். சமையல்காரர் ஒருநாள் தன் வீட்டில் வைக்கும் குழம்பை அந்தக் கொத்தில் விட்டுப் பார்க்கட்டும் என்றுதான் ஆசை.

அங்கேதான் மருமகளின் நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மல்லாவிப் பக்கம். தானே எழுதிப் பாடிய ராப் ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினார். அறையில் போர்வையைத் தொங்கவிட்டு அதற்குள் இருந்து பதிவு செய்ததாம். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடை செய்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு கார்த்திகையிலேயே தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் காலபோகத்துக்கு நேரத்துக்கு யூரியா கிடைக்காமல் விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாட்டு அதைப் பற்றியது. தகப்பன் விடிய எழும்பி வரம்பில் நின்று மஞ்சளாகிப் போன பயிரைப் பார்க்கிறார், வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீரை மட்டும் கேட்கிறார். இவ்வளவுதான் முதல் சரணம். கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆனால் கோரஸ் வந்ததும் ஆள் மாறிவிட்டார். மல்லாவிப் பேச்சு போய் சென்னைப் பேச்சு வந்துவிட்டது. குரலிலும் ஓட்டோ-டியூன். ஏன் என்று கேட்டேன். "அங்க இருக்கிறவையளும் கேக்கோணும் எண்டுதான், அன்ரி" என்றார். நியாயமான ஆசை. நான் சொன்னது இதுதான்: முதல் சரணத்தை மதுரையில் இருக்கும் ஒருவர் கேட்டாலும் அந்தத் தகப்பனை அவருக்குத் தெரியும். கோரஸில் வரும் ஆளை யாருக்குமே தெரியாது. அவர் மறுத்துப் பேசவில்லை, யோசிக்கிறேன் என்றார். மருமகளுக்குத்தான் கோபம். "மாமி, முதல் நாளே இப்பிடிச் சொல்லுறதே?" நல்ல பாட்டு என்பதால்தான் சொன்னேன்.

பின்னேரம் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வண்டியும் நிற்பதுபோல் எங்கள் பஸ்ஸும் நின்றது. சாரதி தேங்காய் உடைத்தார், சனம் இறங்கிக் கற்பூரம் கொளுத்தியது, திரும்பும்போது கையில் கச்சான் (நிலக்கடலை). முறிகண்டிக் கச்சான் பற்றி என் கருத்து ஒன்றே ஒன்று: முன்னால் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். தாச்சியில் மணலோடு வறுபடும் கடையாகப் பார்த்து, சூடு ஆறுமுன் வாங்குங்கள். ஆறிப்போன கச்சானை யாழ்ப்பாணத்திலும் வாங்கலாம்.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதிக்குத் திரும்ப வேண்டும். சந்தியில் பிளேன்ரீ குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினோம். அதில் பாட்டு இல்லை. மருமகள் தன் இயர்போனில் ஒன்றை எனக்குத் தந்தாள். ஷான் வின்சன்ட் டி போல் 2021இல் வெளியிட்ட 'மேட் இன் ஜப்னா' ஆல்பம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். எனக்குப் பிடித்தது இதைவிட அவர் யாஞ்சனின் மிருதங்கத்தோடு செய்த ராப்கள்தான். மிருதங்கத்தின் சொற்கட்டும் ராப்பின் வேகமும் ஒன்றையொன்று விரட்டும்போது ரொறன்ரோவா யாழ்ப்பாணமா என்ற கேள்வியே எழவில்லை. சந்தேகம் இருந்தால் நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.

கற்சிலைமடு தாண்டும்போது இருட்டிவிட்டது. 1803 ஒக்டோபர் 31இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை வெள்ளையர் தோற்கடித்த இடம் என்று கல் நட்ட ஊர். பகலில் வந்து பார்க்க வேண்டும். இரவு முள்ளியவளையில் மருமகளின் தோழி வீடு. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, நித்திரை.

ஞாயிறு, முள்ளியவளை, வற்றாப்பளை

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு இலட்சக்கணக்கில் சனம் வரும், நாங்கள் போனது அது முடிந்த பிறகு. வெளிவீதி வெறிச்சென்று கிடந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்று ஊரில் சொல்வார்கள். பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து, முதலில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள், பிறகுதான் இங்கே வரும். தோழியின் அப்பம்மா அந்த ஒழுங்கை ஒன்று விடாமல் சொன்னார். யார் வீட்டார் என்ன செய்வது, எந்தப் பாதையால் வருவது, எங்கே நிற்பது, எல்லாம்.

இரவு பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா. இசைக்குழு நிகழ்ச்சி என்று நோட்டீஸ். கீபோர்ட், ஒக்டபாட், இரண்டு பாடகர், ஒரு பாடகி. இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

முதல் ஒரு மணித்தியாலம் அம்மன் பாட்டும் பழைய படப் பாட்டும். பாடகிக்கு மேல்சுருதி சுத்தம். ஒக்டபாட் சத்தம் மட்டும் அளவுக்கு மீறிப் போனது. ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது, பாடகியின் குரல் அதற்குள் அமிழ்ந்துவிட்டது. சவுண்ட்காரரிடம் போய் யாராவது சொல்லியிருக்கலாம். பிறகு துள்ளிசை தொடங்கியது. எழுபதுகளில் இலங்கையில் பிறந்த அந்தப் பொப் பாட்டுகள் இன்றைக்கும் திருவிழா மேடையில் உயிரோடு இருக்கின்றன. கிற்றார் இல்லாமல் கீபோர்ட்டிலேயே அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தார்கள். முன்வரிசையில் இருந்த அம்மாமார் கைதட்டினார்கள், பின்னால் நின்ற பெடியன்கள் ஆடினார்கள். ஐம்பது வருடப் பாட்டுக்குப் பதினாறு வயதுப் பெடியன் ஆடுகிறான் என்றால் அந்தப் பாட்டில் ஏதோ இருக்கிறது.

நடுவில் பாடகர் ஒருவர், "இது எங்கட சொந்தப் பாட்டு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊர்க்குளத்தைப் பற்றியது. வான் பாய்ந்த வருடம், குளிக்கப் போய் அடி வாங்கியது, குளக்கட்டில் காத்திருந்த ஒருத்தி. மெட்டு ஒன்றும் புதிதில்லை, ஏற்கெனவே எங்கோ கேட்டதுதான். ஆனால் குளத்தின் பெயர் வந்ததும் சனம் எழும்பிய சத்தம் அதுவரை ஒரு படப் பாட்டுக்கும் வரவில்லை. "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தித் திரும்பவும் பாட வைத்தார்கள். திரும்பிப் பாடும்போது ஒக்டபாட்காரர் தானாகவே சத்தத்தைக் குறைத்தார், சொல் கேட்க வேண்டும் என்று. அந்தக் குழுவிடம் இப்படி இன்னும் இருக்கிறதா என்று கீழே இறங்கியதும் கேட்டேன். இருக்கிறதாம். "ஆரும் கேக்கிறேல்ல, அக்கா, அதால பாடுறேல்ல." இனி அடுத்த திருவிழாவில் கேட்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

திங்கள், முல்லைத்தீவு

காலையில் வட்டுவாகல் பாலம் வரை போனோம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒடுங்கிய பழைய பாலம். வீச்சுவலையோடு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அதைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால்.

உணவைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறவள் இங்கே ஓர் உணவைச் சொல்லாமல் போகக்கூடாது. அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் இந்த மண்ணில் அடைபட்டிருந்த சனத்துக்கு வரிசையில் நின்றால் கிடைத்தது அந்தக் கஞ்சிதான். ஒவ்வொரு வருடமும் மே 18ஐ ஒட்டி வடக்கு கிழக்கு எங்கும் சந்திகளில் அதைக் காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். மருமகள் அப்போது சின்னப் பிள்ளை. இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் அவளும் நின்று காய்ச்சினாளாம். "பால் விட்டால் நல்லா இருக்குமே எண்டு முதல் வருசப் பிள்ளை ஒண்டு கேட்டுது, மாமி. விடுறேல்ல எண்டு மட்டும் சொன்னன்." சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். 

மத்தியானம் முல்லைத்தீவில் ஒரு சாப்பாட்டுக்கடை. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, நாலு மேசை, இரண்டு சகோதரிகள் நடத்துகிறார்கள். கடற்றொழில் முடித்து வருகிறவர்களும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்கிறவர்களும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுகிறார்கள். நண்டுக்கறி, இறால் பிரட்டல், பயித்தங்காய், முருங்கையிலை வறை, சொதி. நண்டு அன்றைக்குப் பிடித்தது என்பதைச் சொல்லத் தேவையே இல்லை, ஓட்டை உடைத்ததும் சதை முழுதாகக் கழன்று வந்தது. யாழ்ப்பாண நண்டுக்கறியைவிடப் பால் குறைவு, மிளகு கூட. இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டு மூடியிருக்கிறார்கள். உறைப்பு கண்ணைக் கலக்கியது, ஆனால் நிறுத்த முடியவில்லை. இறால் பிரட்டல் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நந்திக்கடல் இறாலுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மூத்தவர் வந்து, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். குழம்பு மட்டும் போதும் என்றேன், நண்டுக்காலும் இரண்டு விழுந்தது. காசு கொடுக்கும்போது ஏன் பெயர்ப்பலகை போடவில்லை என்று கேட்டேன். "வாறவைக்கு இடம் தெரியும்தானே" என்றார். 

பின்னேரம் கடற்கரை. வெளியூர்ச் சனம் அதிகமில்லை. ஐஸ்கிறீம் வான் ஒன்று தன் மணிப்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு நின்றது. ஐஸ்கிறீம் சுமார்.

செவ்வாய், வவுனியா, ரயில்

விடியற்காலை பஸ். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா. நெடுங்கேணிப் பக்கம் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்றார்கள். மஞ்சளாய், விரல் நுனியளவு. சீசன் கொஞ்ச நாள்தான், கடைகளுக்கு அதிகம் வராது, காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களே பறித்து விற்பது. தேன் இனிப்பு. ஆனால் பால் உதட்டில் ஒட்டும், கதைக்க வாயைத் திறந்தால் பசைபோல இழுக்கும். விற்ற பெரியவர் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். பக்கத்துச் சீற்றில் இருந்த ஆசிரியை தன் பையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்தார். பாலைப்பழக் காலத்தில் இந்த வீதியால் போகிறவர் எண்ணெயோடுதான் போவாராம்.

வவுனியாவில் அம்மாச்சி உணவகம். இது ஏ9 வீதியில்தான் இருக்கிறது, ஆனாலும் என் புகார் எதுவும் இங்கே செல்லாது. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துவது. ஒவ்வொருவருக்கும் ஓர் அடுப்பு, ஒரு தட்டு. உங்கள் கண் முன்னாலேயே சுடுகிறார்கள். குரக்கன் ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்தேன். மருமகள் தோசை. அப்புறம் இலைக்கஞ்சி. கஞ்சியில் மிளகும் உள்ளியும் அளவாக இருந்தது, இலையின் கைப்பு கடைசியில் மெல்லத் தெரிந்தது. வேப்பம்பூ வடகம் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டேன். நீண்ட தூர வாகனச் சாரதிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே குறை இருக்கைகள். நின்றபடி கஞ்சி குடிப்பது வயதானவர்களுக்குச் சிரமம்.

மத்தியானம் ரயில். 1990இல் நின்றுபோன பாதை இது. 2013இல் கிளிநொச்சி வரை, 2014இல் யாழ்ப்பாணம் வரை திரும்ப ஓடத் தொடங்கியது. நின்றிருந்த அந்த வருடங்களில் தண்டவாளம்கூட மிஞ்சவில்லை. யன்னலோரம் இருந்து கச்சான் தின்றுகொண்டு போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும். மருமகள் கிளிநொச்சியில் இறங்கினாள். அடுத்த லீவுக்கு மன்னார்ப் பக்கம் என்று முடிவாகிவிட்டது.

இரவு வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப்பில் மல்லாவித் தம்பியின் பாட்டு வந்தது. கோரஸை மாற்றியிருக்கிறார். ஓட்டோ-டியூன் இல்லை, சென்னைப் பேச்சும் இல்லை. தகப்பன் கேட்ட தேத்தண்ணீரை இப்போது தாய் கொண்டுவருகிறார், அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மிகவும் நன்றாக வந்திருக்கிறது. பின்னணியில் ட்ரம் மட்டும் இன்னும் கனம், குரலை அமுக்குகிறது. அதைக் குறைக்கச் சொல்லி இப்போதுதான் பதில் போட்டேன்.